மும்முனை மின்சாரக் கணக்கு

தெற்கு அந்தமானில் உள்ள பெரார்கஞ்ச், ஆங்கிலேயர் காலத் தலைமை ஆணையர் பெராரின் பெயரால் அமைந்த ஊர். அந்தமான் தீவுகளை இந்தியப் பெருநிலத்துடன் இணைக்கும் மின்வழி இல்லை. வடக்கு அந்தமானில் கல்போங் ஆற்றின்மீது 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் உண்டு. கதிரவன் ஒளியும் துணைபுரிகிறது. ஆயினும், மின்சாரத்தின் பெரும்பங்கை டீசல் இயந்திரங்களே தருகின்றன. அந்த டீசல் கடல் கடந்து கப்பலில் வருகிறது. ஆதலின், இங்கு மின்சாரத்தைக் கணக்கிட்டுச் செலவிடுதல் இன்றியமையாதது.

வீட்டு விளக்கிற்கு ஒருமுனை மின்சாரம் போதும். மரம் அறுக்கும் பொறி, பெரிய நீரேற்றி போன்றவை மும்முனை மின்சாரத்தால் இயங்குகின்றன. ஒரே உரலில் மூவர் மாறி மாறி உலக்கை போட்டால் குத்து இடைவிடாது விழும். அவ்வாறே மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களும் 120 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து உச்சம் அடைவதால் பொறிக்குச் சீரான ஆற்றல் கிடைக்கிறது.

இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் 415 வோல்ட். ஒரு முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 240 வோல்ட். முன்னது பின்னதைப் போல் 1.732 மடங்கு. இவ்வெண் மூன்றின் வர்க்கமூலம். எனவே,

மின்திறன் = 1.732 × முனைகளுக்கிடையிலான மின்னழுத்தம் × மின்னோட்டம் × திறன் காரணி

மரப்பட்டறை ஒன்றின் பொறி, ஒவ்வொரு கம்பியிலும் 10 ஆம்பியர் பெறுவதாகவும், அதன் திறன் காரணி 0.8 எனவும் கொள்க.

1.732 × 415 × 10 × 0.8 = 5750 வாட் (ஏறத்தாழ)

அதாவது 5.75 கிலோவாட். நாள்தோறும் 6 மணி நேரம் இயங்கினால் செலவு 34.5 அலகு. ஒரு லிட்டர் டீசலுக்கு 3 அலகு கிடைப்பதாகக் கொண்டால், 11.5 லிட்டர் டீசல் வேண்டும்.

முனைகள் மூன்று என்பதால் 415ஐ 3ஆல் பெருக்குவோர் உளர். அவர்களுக்கு விடை 9.96 கிலோவாட் எனத் தவறாகக் கிடைக்கும். அதை நம்பித் தேவைக்கு மிஞ்சிய மின்னாக்கி வாங்கினால், அது குறைந்த சுமையில் ஓடி டீசலை வீணாக்கும். 1.732ஐ மறந்தாலோ விடை 3.32 கிலோவாட் ஆகும். அதற்கேற்ப வாங்கிய சிறிய மின்னாக்கி சுமை தாங்காது. மிகினும் குறையினும் இழப்பே.

சொற்பொருள்
இன்றியமையாதது – கட்டாயம் வேண்டியது
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம்
அலகு – ஒரு கிலோவாட் பொறி ஒரு மணி நேரத்தில் செலவிடும் மின்னாற்றல்

பயிற்சி
1. அந்தமானில் மின்சாரத்தைக் கணக்கிட்டுச் செலவிட வேண்டியது ஏன்?
2. உலக்கை உவமையை உம் சொற்களில் விளக்குக.
3. 415 வோல்ட், 20 ஆம்பியர், திறன் காரணி 0.8 கொண்ட மும்முனை நீரேற்றி 2 மணி நேரத்தில் எத்தனை அலகு செலவிடும்?
4. பிரித்து எழுதுக: மின்னோட்டம், மின்னழுத்தம்.