ஒப்பீட்டு அரசியல்: கோரிமேடு எல்லையில் ஒரு பாடம்



"அரசியலா? நமக்கெதுக்குப்பா அந்த வம்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கட்சிக் கட்டுரை இல்லை. கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்தவர்களுக்கு 'ஒப்பீட்டு அரசியல்' என்று ஒரு பாடம் உண்டு. நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ மாணவன். எங்கள் தெருவில் பி.ஏ. படிக்கும் ஒரு அண்ணனிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். அந்தப் பாடத்துக்கு ஏற்ற சோதனைக்கூடம் நம் கதிர்காமத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலேயே இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவது எப்படி?

ஓம் விதி சோதனை நாம் எல்லோரும் செய்ததுதான். ரெசிஸ்டன்ஸை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வோல்டேஜை மட்டும் கூட்டிக் கூட்டி அம்மீட்டரைப் பார்ப்போம். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எதனால் கரண்ட் மாறியது என்று சொல்ல முடியுமா? முடியாது!

ஆட்சிகளை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 ஆட்சிமுறைகளைப் பற்றித் தகவல் திரட்டியதாகச் சொல்வார்கள். திரட்டுவது ஒரு வேலை, காரணம் கண்டுபிடிப்பது வேறு வேலை. பிரான்சையும் இந்தியாவையும் பக்கத்தில் வைத்தால் மொழி, பணம், சரித்திரம் எல்லாமே வேறு. எந்த வித்தியாசம் எதற்குக் காரணம் என்று எப்படிப் பிரிப்பது? ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேய அறிஞர் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில் ஒரு வழி சொன்னார். மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்து, ஒன்றில் மட்டும் மாறுபடும் இரண்டை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது விளைவில் வித்தியாசம் வந்தால், அந்த ஒன்றின்மேல் சந்தேகப்படலாம்.

கதிர்காமமும் பட்டானூரும்

கோரிமேடு எல்லையைத் தாண்டினால் பட்டானூர். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இந்தப் பக்கம் புதுவை. பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, பார்க்கிற சினிமாவும் ஒன்று. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. இந்த எல்லை ஜனங்கள் வேறு வேறு என்பதால் வந்ததில்லை. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்ட சண்டையில் விழுந்த கோடு!

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் சேர்ந்தோம். ஆனால் பக்கத்து மாநிலங்களோடு சேராமல் யூனியன் பிரதேசம் ஆனோம். 1963-ல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆகவே இரண்டு ஊரும் ஒன்றுபோல, ஆட்சிமுறை மட்டும் வேறு. மில் கேட்டது கிட்டத்தட்ட இதுதான்.

அம்மா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் படிப்பென்று வந்த முதல் ஆள் நான். அதனால் கவர்மென்ட் சம்பந்தமான கேள்வி எதுவானாலும் என்னிடம்தான் வரும். என் சித்தியைப் பட்டானூரில் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் அம்மா கேட்டார்கள்: "ஏண்டா, சித்தி வூட்டுல ரேஷன்ல அரிசி வாங்குறாங்க. நமக்கு மட்டும் ஏன் பேங்குல காசு போடுறாங்க? காசா வந்தா கடங்காரனுக்குப் போவுது, அரிசியா வந்தா பானைக்குப் போவும். அவங்களும் ஓட்டுதான் போடுறாங்க, நாமளும் ஓட்டுதான் போடுறோம்?"

இதைவிட நல்ல கேள்வி நான் படித்த புத்தகத்தில் இல்லை. பதில் தேடினேன்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். புதுவையிலும் முதல்வர் நாராயணசாமி அரசு அரிசியே கொடுக்க நினைத்தது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, பணமாகக் கொடுங்கள் என்றார். காசு நேரே பயனாளி கணக்குக்குப் போகும், நடுவில் ஆள் இல்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் கேள்வி எது நல்லது என்பதல்ல. யார் முடிவு செய்வது என்பதுதான்.

1963-ம் வருடச் சட்டத்தின் 44-வது பிரிவில் இருக்கிறது பதில். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் ஜனாதிபதிக்குப் போகும். அதாவது நடைமுறையில் மத்திய அரசுக்கு. அங்கே சொல்வதுதான் முடிவு. 2019-ல் பணம் என்று முடிவு வந்தது. அரசு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயும் 2020-ல் தோற்றது. தமிழ்நாட்டு முதல்வருக்கு ரேஷன் அரிசி விஷயத்தில் இப்படி ஒரு படியே கிடையாது.

வேறு வித்தியாசங்களும் உண்டு. நம் பட்ஜெட்டைச் சபையில் வைக்கும் முன்பே மத்திய அரசின் அனுமதி வேண்டும். நம் சபையில் தேர்தலில் ஜெயித்தவர்கள் 30 பேர். அவர்களோடு மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். 2017-ல் அப்படி நியமித்தது செல்லும் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அவசரப்படக் கூடாது!

"அப்போ காரணம் கிடைச்சிடுச்சு" என்று நோட்டை மூடலாமா? கூடாது. ரீடிங் எடுத்தால் சரிபார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம்: நாம் சின்ன ஊர், அதனால்தான் இப்படியோ? 2011 கணக்குப்படி புதுவை மக்கள் சுமார் 12.5 லட்சம். ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் 41 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் 7.21 கோடிக்கு 234 எம்.எல்.ஏ.க்கள். ஒருவருக்குச் சுமார் 3 லட்சம் பேர். இதுவும் பெரிய வித்தியாசம்தான். ஆகவே மூன்றாவதாக டெல்லியை எடுத்தேன். அங்கே 1.68 கோடி மக்கள், 70 எம்.எல்.ஏ.க்கள். ஆனாலும் சட்டசபை உள்ள யூனியன் பிரதேசம். அங்கேயும் 2015-க்குப் பிறகு இதே இழுபறி நடந்து, 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. ஊர் பெரிசு, தகராறு அதேதான். ஆகவே அளவு மட்டும் காரணமில்லை.

இரண்டாவது சந்தேகம்: சட்டம் மட்டும்தான் காரணமா? 2024 அக்டோபரில் புதுவையில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்து இலவச அரிசி வந்தது. சட்டம் மாறவில்லை. மாறியது வேறு: 2019-ல் இங்கே காங்கிரஸ், டெல்லியில் பா.ஜ.க. 2024-ல் இங்கே இருந்த ரங்கசாமி அரசில் பா.ஜ.க.வும் பங்கு. தமிழ்நாட்டிலும் சும்மா இல்லை. கவர்னர் மசோதாக்களை நிறுத்தி வைக்கிறார் என்று அந்த அரசு 2023-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

எங்கள் பாஷையில் சொன்னால், புதுவை சர்க்யூட்டில் ஒரு ஸ்விட்ச் அதிகமாக சீரிஸில் இருக்கிறது. அது ஸ்விட்ச்தான். அதை யார், எப்போது அணைக்கிறார்கள் என்பது கட்சிகளின் உறவைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பானையில் அரிசி ஏன் இல்லை என்று விளங்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா அந்த ஸ்விட்ச்ச எடுத்துட சொல்லி கேக்கலாமில்ல?" என்றார்கள். மாநில அந்தஸ்து கேட்டு நம் சட்டசபை பல தடவை தீர்மானம் போட்டிருப்பது அதற்காகத்தான் என்றேன்.

நண்பர்களே! நம்மில் பலர் பதினெட்டு வயதைத் தொட்டுவிட்டோம். அடுத்த தேர்தலில் நம் விரலிலும் மை விழும். "இவங்க ஒண்ணும் செய்யல" என்று திட்டுவதற்கு முன்னால், செய்ய அதிகாரம் யார் கையில் இருந்தது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். காரைக்கால் நண்பர்கள் நாகப்பட்டினத்தோடும், மாஹே நண்பர்கள் கேரளத்தோடும், ஏனாம் நண்பர்கள் ஆந்திராவோடும் ஒப்பிட்டு எழுதுங்கள். ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்!