காசு வாங்கும் கைக்கு ஒரு தேர்வு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் நடக்கிற 'வீட்டா' இலவச முகாமில் பிறருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் நீ. இப்போது ஒரு வரிக் கடையில் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள், "பி-டின் எண் மட்டும் வாங்கிக்கொண்டு வா, வேறெதுவும் வேண்டாம்" என்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அது சரியாக இருப்பதுதான் எனக்குக் கவலை.

முகாமில் உட்காருவதற்கு முன்னால் உன்னை என்ன செய்ய வைத்தார்கள் என்று நினைத்துப் பார். நடத்தை விதிகளுக்கு ஒரு தேர்வு, வரிச் சட்டத்துக்கு ஒரு தேர்வு. நூற்றுக்கு 80 வாங்கினால்தான் நாற்காலி. நீ முடித்த படிவத்தை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்பினார்கள். ஒரு காசும் வாங்காத உனக்கு இத்தனை கட்டுப்பாடு! அதே வேலைக்கு இருநூறு முந்நூறு டாலர் வாங்குகிறவரிடம் அமெரிக்க மத்திய அரசு எந்தத் தேர்வும் கேட்பதில்லை. வரிப் படிவம் தயாரிப்பவருக்கான அந்த பி-டின் எண்ணை வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும்.

வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இதை மாற்ற முயலாமல் இல்லை. டக் ஷுல்மன் ஆணையராக இருந்தபோது 2011-ல் விதிகள் வந்தன. 120 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு, இரண்டரை மணி நேரம், கட்டணம் 116 டாலர், அதன் பின் ஆண்டுக்கு 15 மணி நேரப் பயிற்சி. வழக்கறிஞர்கள், சி.பி.ஏ.க்கள், ஐ.ஆர்.எஸ். முன் பிரதிநிதியாக நிற்க உரிமம் பெற்ற என்னைப் போன்ற இ.ஏ.க்கள் ஏற்கெனவே கடினமான தேர்வுகளைத் தாண்டியவர்கள் என்பதால் எங்களுக்கு விலக்கு. மற்றவர்கள் 2013 முடிவதற்குள் தேறியாக வேண்டும்.

2012-ல் சொந்தமாகத் தொழில் செய்துவந்த மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிளை கிளையாகக் கடை விரித்த பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல, அக்கம்பக்கத்து ஆட்களை நம்பிப் பிழைப்பவருக்கு அது பெரும் சுமை என்பது நியாயமான பயம். 2013 ஜனவரியில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் விதிகளை நிறுத்திவைத்தார். 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் பிரெட் கேவனா.

ஐ.ஆர்.எஸ். கையில் வைத்திருந்த சட்டம் 1884-ஐச் சேர்ந்தது. உள்நாட்டுப் போரில் செத்துப்போன குதிரைகளுக்கும் தொலைந்த உடைமைகளுக்கும் இழப்பீடு கேட்டு மக்கள் கருவூலத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பேச முகவர்களும் வந்தார்கள். அந்த முகவர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரஸ் கருவூலத்துக்குக் கொடுத்தது. 'பிறர் சார்பாக வந்து வாதாடுபவர்' என்பதற்காக எழுதிய அந்தச் சட்டத்துக்குள், மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவரைக் கொண்டுவர முடியாது என்றது நீதிமன்றம். தேர்வு நல்லதா கெட்டதா என்பதற்குள் அது போகவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியது காங்கிரஸ் என்றது. படித்துப் பார்த்தவரை தீர்ப்பு சரிதான். தவறு காங்கிரஸிடம். அதன் பிறகு எத்தனையோ முறை மசோதா வந்தும் சட்டமாகவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பாய். அந்தத் தீர்ப்பு வந்த 2014-லேயே, காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. தன் ஆட்களை வாடிக்கையாளர் வேடத்தில் 19 கடைகளுக்கு அனுப்பியது. இரண்டு கடைகளில் மட்டுமே ரீஃபண்ட் தொகை சரியாக வந்தது. 12 இடங்களில் ரொக்க டிப்ஸ் போன்ற, முதலாளி தரும் டபிள்யூ-2 சம்பளத் தாளில் வராத வருமானத்தைக் காட்டவே இல்லை. பணிப்பெண்ணாகப் போன ஆள், "குழந்தை என்னோடு போதுமான காலம் தங்கவில்லை" என்று சொல்லியும், போன பத்து இடங்களில் மூன்றில் அந்தக் குழந்தையைக் காட்டி, குறைந்த வருமானக்காரர்களுக்கான ஈ.ஐ.டி.சி. சலுகை கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பணிப்பெண் நிஜமாகவே இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பார். கூடுதலாக வந்த ரீஃபண்ட் வாடகைக்கும் மளிகைக்கும் போயிருக்கும். பிறகு ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும். பணத்தை வட்டியோடு கட்ட வேண்டும். விதியை அலட்சியம் செய்தாள் என்று முடிவானால் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சலுகையையே கேட்க முடியாது. நிரப்பியவர் யாராக இருந்தாலும் படிவத்துக்குப் பொறுப்பு அவள்தான். தவறாக நிரப்பியவருக்கும் அபராதம் உண்டு, ஆனால் அது நடந்து முடிந்த பிறகு. தேர்வு என்பது முன்னாலேயே தடுப்பதற்கு. அதனால்தான் நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

தேர்வு வைத்தால் பலன் இருக்குமா என்பதற்கு ஆரிகன் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே 80 மணி நேரம் படித்து, மாநிலத் தேர்வில் தேறி, அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலையைத் தொடங்க முடியும். 2001-ஆம் ஆண்டின் படிவங்களை ஆராய்ந்த ஜி.ஏ.ஓ., மற்ற மாநிலங்களைவிட ஆரிகனில் காசு கொடுத்துத் தயாரித்த படிவம் சரியாக இருக்கும் வாய்ப்பு 72 சதவீதம் அதிகம் என்று கண்டது. மாநிலத் தேர்வு இல்லாமல் படிப்பையும் ஈட்டுப் பத்திரத்தையும் மட்டும் கேட்ட கலிபோர்னியா, சராசரிக்கும் கீழே இருந்தது. தேர்வு ஒன்றுதான் காரணம் என்று ஜி.ஏ.ஓ.வே சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

தேர்வு யாரையும் யோக்கியராக்காது, அது உண்மை. 1040 படிவத்தின் இரண்டாம் பக்க அடியில் ஒரு கட்டம் இருக்கிறதே, காசு வாங்கித் தயாரித்தவர் பெயர், கையெழுத்து, பி-டின் எண், கடையின் பெயர் எல்லாம் எழுத வேண்டிய இடம், அதை வெறுமையாக விட்டுவிட்டு "நீங்களே தயாரித்ததாக அனுப்புங்கள்" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்வு திருத்தாது. ஆனால் நல்ல மனதோடு தெரியாமல் தப்பாகப் போடுகிறவர்களும் ஏராளம். நம் ஊர்ப் பிள்ளைகள் இவர்களிடம்தான் மாட்டுகிறார்கள். சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்த பையனுக்குப் பொதுவாக 1040-என்.ஆர். படிவம். அதைப் போடுகிற வெளிநாட்டவருக்கு நிலையான கழிவு கிடையாது. ஆனால் இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதைத் தருகிறது. தெரியாதவர் சாதாரண 1040-ஐப் போட்டுவிடுவார், இல்லையென்றால் கழிவையே விட்டுவிடுவார்.

ஆகவே இ.ஏ. தேர்வை எழுது. பட்டம் தேவையில்லை. மூன்று பகுதிகள்: தனிநபர், வணிகம், ஐ.ஆர்.எஸ். முன் பிரதிநிதியாக நிற்கும் நடைமுறை. ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம். முகாமில் பழகியவளுக்கு முதல் பகுதி பாதி தெரிந்ததுதான். இரண்டாவதற்குக் கூடுதல் மாதங்கள் ஒதுக்கு. தேறிய பின் மூன்று ஆண்டுக்கு 72 மணி நேரம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை ஐ.ஆர்.எஸ்.ஸின் விருப்பத் திட்டம் ஒன்று இருக்கிறது: ஆண்டுக்கு 18 மணி நேரப் படிப்பு, அதில் 100 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு. கட்டாயமில்லை என்பதால் விட்டுவிடாதே.

கடைக்காரரிடம் சேருவதற்கு முன் இரண்டு கேள்வி கேள். நான் முடிக்கிற படிவத்தை அனுப்புமுன் யார் பார்ப்பார்கள்? அந்தக் கட்டத்தில் யாருடைய எண் போகும்? பதில் என்ன வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை