மழலைச் சிரிப்பும் அறிவு வளர்ச்சியும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழிப் பிறக்கும் என்றார். மழலை கேட்டுப் பெரியோர் நகுதல் இளமையின்பாற்படும். குழந்தை தானே எதனைக் கண்டு நகுகிறது என்பது வேறு வினா. அதனை நுணுகி நோக்கியவருள் ரஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882–1969) ஒருவர்.

'இரண்டு முதல் ஐந்து வரை' என்னும் தம் நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். இரண்டு வயது நிரம்ப ஒரு திங்களே எஞ்சியிருந்த அவர்தம் மகள், குறும்பும் நாணமும் கலந்த முகத்தினளாய் வந்து, நாய் 'மியாவ்' என்கிறது என்று அறிவித்துச் சிரித்தாள். தந்தையோ, நாய் குரைக்கும் என்று திருத்தினார். அவள் மீண்டும் அதனையே கூறி அவர் முகத்தை நோக்கினாள். அப்போதுதான் அவருக்கு உண்மை புலப்பட்டது. சேவலும் 'மியாவ்' என்கிறது என்று அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். எவ்விலங்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை ஐயமறக் கற்ற பின்னரே அச்சிறுமிக்கு அதனைத் தலைகீழாக்கும் துணிவு பிறந்தது. இதனைப் பொய் என்று கடிந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

கடிந்தவர்களும் இருந்தனர். லெனினின் துணைவியாராயிருந்த குரூப்ஸ்கயா அம்மையார் 1928இல் 'பிராவ்தா' நாளிதழில் சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் கதைப்பாடலைக் கண்டித்தார். முதலையின் மெய்யான வாழ்வைக் கூறாது பிதற்றலைக் கூறுகிறது என்பது அவர் குறை. முதலை தெருவில் உலாவாது என்று அறிந்த குழந்தைக்கன்றோ அது நகைப்பைத் தரும்!

அமெரிக்க உளவியலறிஞர் பால் மக்கீ இவ்வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்தார். செருப்பைக் காதில் வைத்துத் தொலைபேசி என்பது முதற்படி. பெயரை மாற்றிக் கூறுவது அடுத்தது. இருபொருட் சொல்லை நுகர்வது ஏறத்தாழ ஏழாம் வயதில். 1976இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. வடிவம் மாறினும் பொருளின் அளவு மாறாது என்னும் அறிவைச் சார்ந்த துணுக்குகளைச் சிறுவர்க்குக் கூறினார். அப்பத்தை எட்டாக வெட்டவா, ஆறாக வெட்டவா என்றதற்கு, எட்டை உண்ண இயலாது, ஆறே போதும் என்று விடையிறுப்பது அத்தகையது. அவ்வறிவு வாராதவர்க்கு அதில் சுவையில்லை. வந்து நெடுநாளானவர்க்கும் அத்துணைச் சுவையில்லை. அண்மையில் பெற்றவரே மிகுதியும் சுவைத்தனர்.

முகத்தை மறைத்துத் திறந்து காட்டும் விளையாட்டு ஜப்பானிலும் உண்டு, இங்கும் உண்டு, சிரிப்பும் ஒன்றே. சொல் விளையாட்டோ மொழியெல்லையைத் தாண்டுவதில்லை. 'காலில்லாமல் ஓடும் எண் எது?' என்பதற்கு 'ஆறு' என்னும் விடை தமிழ்க் குழந்தைக்குச் சுவை தரும்.

இதனை எட்டு வயதுப் பெயரன் கூற, ஐந்து வயதினன் கேட்டு உரக்கச் சிரித்தான். பின்பு தானே வந்து என்னிடம் வினவினான், 'ஏழு!' என்று விடையும் கூறி முன்னினும் உரக்கச் சிரித்தான். மூத்தவனுக்குச் சினம் வந்தது. நான் இளையவனோடு சேர்ந்து சிரித்தேன்.