பழைய அரசு லேப்டாப்பில் புது சிஸ்டம்: டி டிரைவை இழக்காமல் போடுவது எப்படி?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப், நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், அந்தப் பழைய மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டம் போடுவோம்.

எங்கே என்ன இருக்கிறது?

"எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு" என்போம். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். கல்யாணப் போட்டோ அங்கே கிடந்தால் சி-யோடு அதுவும் போய்விடும்.

டி டிரைவையும் சேர்த்து எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்வோம். நாலைந்து படங்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்போம். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஃபோனில் படம் எடுத்து வைப்போம். எது சி, எது டி என்று பிறகு கண்டுபிடிக்க இந்தப் படம் கட்டாயம் உதவும்.

எவ்வளவு?

மின்ட் இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். எக்ஸ்டர்னல் டிஸ்க்தான் பெரிய செலவு. தெரிந்தவர்களிடம் இரண்டு நாள் இரவல் வாங்கலாம். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி இடமும் 2 ஜிபி ராமும் வேண்டும். பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே நல்லது.

எப்படி?

ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்வோம். இன்ஸ்டாலர் காட்டும் "எரேஸ் டிஸ்க்" பக்கமே போக வேண்டாம். டி டிரைவும் சேர்ந்து அழியும். "சம்திங் எல்ஸ்" தேர்ந்தெடுப்போம்.

இங்கே சி, டி என்ற பெயர்களே வராது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றுதான் வரிசை இருக்கும். ஃபோன் படத்திலுள்ள அளவுகளை வைத்து எது எது என்று கண்டுபிடிப்போம். பழைய சி-யின் வரிசையை மட்டும் திறந்து, இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் "/", ஃபார்மேட் டிக். டி வரிசையைத் தொடவே கூடாது. ஈஎஃப்ஐ என்று சிறிய பார்ட்டிஷன் இருந்தால் அதையும் ஃபார்மேட் செய்யாமல் விட்டுவிடுவோம்.

கவனம்

தொடக்க கால லேப்டாப்கள் சிலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. இடம் வேண்டுமென்று விண்டோஸிலிருந்து அதை மட்டும் அழித்தால், அடுத்த முறை "க்ரப் ரெஸ்க்யூ" என்ற கறுப்புத் திரைதான் வரும்.

நம் நாகர்கோவில் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. இடி மின்னலோடு கரண்டும் போகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் ஃபார்மேட் நடக்கும்போது கரண்ட் போனால் பார்ட்டிஷன் கெடலாம். யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், அல்லது வானம் வெளுத்த நாளில் செய்யுங்கள்.

முடிந்ததும் டி டிரைவ் ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் தெரியும். எக்ஸ்டர்னலில் உள்ள காப்பியை, டி-யைத் திறந்து எல்லாம் சரியாக இருப்பதைப் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.