பேய்க்குப் பெயர் வைக்கச் சில குறிப்புகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை நடத்துகிறவருக்கு எந்த நேரத்தில் எந்தப் பேய்க்குப் பெயர் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்கு உதவும் சில யோசனைகள் இதோ.

1. டெவிலா, டீமனா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் இரண்டும் ஜென்ம விரோதிகள். டெவில்கள் ஒன்பது நரகங்களில் பதவி, ஒப்பந்தம், ஷரத்து என்று சட்டம் பேசியே ஆளைக் கவிழ்ப்பவை. டீமன்கள் அபிஸ் என்ற பாதாளத்தில் கட்டுக்கு அடங்காமல் திரிபவை. டெவிலுக்கு மெஃபிஸ்டோஃபிலிஸ் மாதிரி நீட்டி முழக்கும் பெயர் பொருந்தும். டீமனுக்கு யீனோகு, கிராஸ்ட் என்று தொண்டையிலிருந்து வர வேண்டும்.

2. பழைய நூல்களில் கைவைக்கத் தயங்காதீர்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களே அதைத்தான் செய்தார்கள். அஸ்மோடியஸ் தோபித்து நூலில் வருகிறவன். ஓர்கஸும் டிஸ்பேட்டரும் ரோமானியரின் பாதாள தெய்வங்கள்.

3. எழுத்துகளைக் கலைத்துப் போடுங்கள். வெக்னா என்ற பிணமந்திரவாதியின் பெயர், எழுத்தாளர் ஜாக் வான்ஸின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் இடம் மாற்றி எழுதியதுதான். நமக்குச் சமையலறையே போதும். முருங்கையைத் திருப்பிப் படித்தால் ‘கைங்ருமு’. வேதாளத்துக்குப் பிடித்த மரமாயிற்றே, பெயரும் பொருத்தம்தான்!

4. வைத்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு சிக்கினால் விட்டுவிடுங்கள். பெயர் நீளம் என்றால் செல்லப் பெயரையும் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆடுகிறவர்கள் வைப்பார்கள். பாதாளச் சக்கரவர்த்தி அரை மணி நேரத்தில் ‘குமாரு’ ஆகிவிடுவான்.

5. இரண்டு வில்லன்களுக்கு ஒரே எழுத்தில் பெயர் தொடங்க வேண்டாம்.

6. டெவிலுக்கு இரண்டு பெயர் வையுங்கள்: ஊரறிய ஒன்று, ரகசியமாக ஒன்று. 2014-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற ஆட்டப் புத்தகத்தின்படி, கடைநிலையில் கிடக்கும் லெமூர் தவிர எல்லா டெவிலுக்கும் மறைத்து வைத்திருக்கும் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவருக்கு அந்த டெவில் மேல் பிடி கிடைக்கும். என்னைக் கேட்டால் கதைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ரகசியப் பெயரை மூன்று துண்டாக்கி, ஒன்றை ஒப்பந்தத்தின் கையெழுத்திலும், ஒன்றைப் பழைய அடிமையின் உளறலிலும், ஒன்றை எதிரி டெவிலின் வாயிலும் ஒளித்துவையுங்கள். நாலைந்து வாரம் ஆட்டம் தானாக ஓடும். லெமூருக்குப் பெயர் யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

7. தலை இரண்டு என்றால் பெயரும் இரண்டு. டெமோகார்கன் என்ற டீமனின் தலைகளுக்கு ஆமியூல், ஹெத்ராடியா என்று தனித்தனிப் பெயர். ஒன்றுக்கொன்று ஆகாது. புத்திசாலி ஆட்டக்காரர் சண்டை மூட்டிவிடுவார்.

8. வீட்டு ஆட்டத்துக்கு எந்தப் பெயரும் எடுக்கலாம். புத்தகமாக விற்கப் போகிறீர்கள் என்றால் கவனம். 1974-இல் வந்த முதல் பதிப்பில் எழுத்தாளர் டோல்கீனின் பால்ராக் என்ற பேய் இருந்தது. உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததும் அந்தப் பெயர் போய், அந்த இடத்தில் பேலோர் வந்தது.

9. விளக்கு வைக்கும் நேரத்தில் பேய் பிசாசுப் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் அதட்டினால் மாற்றுப் பெயர் சொல்லிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெற்றோர் எதிர்ப்புக் கிளம்பியதால் 1989-இன் இரண்டாம் பதிப்பு டெவில், டீமன் என்ற சொற்களையே கைவிட்டது. பிறகு டெவிலை ‘பாட்டேஸு’ என்றும் டீமனை ‘தானாரி’ என்றும் அழைத்தார்கள். பேய் அதே பேய்தான்.

10. சுடலைமாடன், இசக்கி, முனீஸ்வரன் பெயர்களை வில்லனுக்கு வைக்காதீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது குலதெய்வமாக இருக்கும்.

11. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதி வைத்து, பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். யாருக்கு வைத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்; அடுத்த வாரம் ஆடுகிறவர்கள் கேட்பார்கள்.