ஆசிய மகளிர் கால்பந்துக் கோப்பை: ஒரு வினாவும் விடையும்

சென்ற திங்கள் நம் மன்றத்தில் நடந்த பேச்சரங்கில் நான் சற்றே வீரம் பேசிவிட்டேன். "நம் நாட்டு மகளிர் 1980 இலும் 1983 இலும் கால்பந்தில் ஆசியாவின் இரண்டாம் இடத்தைப் பெற்றவர்கள். அந்த ஏற்றம் இன்று எங்கே? நாம் உறங்கிவிட்டோம்!" என்று முழங்கி அமர்ந்தேன். கைதட்டல் ஓயுமுன், புள்ளியியல் படிக்கும் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "அக்கா, அந்தப் போட்டிகளுக்கு யார் யார் வந்திருந்தார்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. இயற்பியல் படிக்கும் எனக்கு இது பெரிய வெட்கம். அளவுகோலைப் பார்க்காமல் அளவைச் சொல்பவனை எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். அன்றிரவு முதல் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். கேட்டவளுக்குக் கடன் தீர்த்ததாகவும் இருக்கும். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று விடுதியில் விடியும்வரை வாதிடும் வங்க நண்பர்களிடம் நாமும் ஒரு சொல் சொல்வதற்கு உதவும்.

முதலில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெண்கள் கால்பந்து ஆடத் தெரியாமல் பின்தங்கியவர்கள் அல்லர், ஆடவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள். 1920 இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் மைதானமொன்றில் பெண்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, அதாவது 1921 இல், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐம்பது ஆண்டு! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பாட்டியாகும் காலம்.

ஆசியாவில் 1968 இல் ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்புத் தோன்றியது. ஆடவர் போட்டிகளை நடத்திய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு வேறு, இது வேறு. இந்த அமைப்பே 1975 இல் ஹாங்காங்கில் முதல் ஆசியக் கோப்பைப் போட்டியை நடத்தியது. வென்றது யார் தெரியுமா? நியூசிலாந்து! இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 3-1 என வென்றது. ஆசியாவிலேயே இல்லாத நாடு ஆசியக் கோப்பையைத் தூக்கிச் சென்றது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அதில்தான் அந்தக் காலத்தின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. வந்தவர்களை வைத்துக்கொண்டு நடத்திய பந்தயம் அது. எந்த நாட்டில் பெண்கள் அணி ஒன்று திரண்டதோ, அந்த நாட்டுக்குக் கதவு திறந்திருந்தது.

இப்போது கோழிக்கோட்டுக்கு வருவோம். 1980 ஜனவரியில் மூன்றாம் போட்டியை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிட்டியது. கால்பந்தென்றால் உயிரை விடும் அந்தக் கடற்கரை நகரம் களமாயிற்று. நம் நாட்டின் சார்பில் ஓர் அணியன்று, இரண்டு அணிகள் இறங்கின: 'இந்தியா எஸ்', 'இந்தியா என்' என்று பெயர். ஆஸ்திரேலியாவுக்காக வந்ததும் முழு நாட்டு அணியன்று. மேற்கு ஆஸ்திரேலிய மாநில அணி. இறுதியாட்டத்தில் 'இந்தியா எஸ்' அணியை, சீனக் குடியரசு என்ற பெயரில் ஆடிய தைவான் 2-0 என வென்றது. நான் மேடையில் முழங்கிய முதல் 'இரண்டாம் இடம்' இதுவே.

வராதவர்கள் யார்? சீன மக்கள் குடியரசு வரவில்லை. அது முதன்முதல் களமிறங்கியது 1986 இல்தான். வட கொரியா வந்தது 1989 இல். தென் கொரியா 1991 இல். ஜப்பானும் கோழிக்கோட்டுக்கு வரவில்லை. பிற்காலத்தில் இக்கோப்பையை மாறி மாறி ஆண்ட நாடுகள் பெரும்பாலும் அன்று இல்லை என்பதுதான் அந்தத் தங்கையின் வினாவுக்கு நேர் விடை.

இதைக் கண்டதும் என் உள்ளம் முதலில் சோர்ந்தது. 'அப்படியானால் அந்த இரண்டாம் இடம் வெறும் பித்தளைதானா?' என்று எண்ணினேன். அந்த எண்ணமும் தவறே. 1975 இல் அமைந்த இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் என்ற தனி அமைப்பே அன்று பெண்களைக் கூட்டி ஆடவைத்தது. ஆடவர் ஆட்டத்தை நடத்திய அகில இந்தியச் சம்மேளனத்தின் குடை அதற்கு இல்லை. அந்த நிலையில் 1980 இல் இரண்டாம் இடம், 1981 இல் மூன்றாம் இடம், 1983 இல் பாங்காக்கில் தாய்லாந்திடம் 0-3 என இறுதியில் தோற்று மீண்டும் இரண்டாம் இடம். அந்த அணியின் வங்க வீராங்கனை சாந்தி மல்லிக் 1983 இல் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். வராதவர்கள் வராதது வந்தவர்களின் குற்றமாகுமா?

குற்றம் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. 1986 இல் மகளிர் கூட்டமைப்பு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போடு இணைந்தது. போட்டிக்கு நிலையான அமைப்பும் வந்தது. வலிய நாடுகளும் வந்தன. சீனா வந்த முதல் முறையே கோப்பையை வென்றது. 1986 முதல் 1999 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றது. 1991 இல் அதே சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. அதற்குள் நுழையும் வாயிலாக அமைந்தது அவ்வாண்டின் ஆசியப் போட்டி. பந்தயம் பெரிதாகும் அந்த வேளையில் நாம் எங்கே இருந்தோம்? 1986, 1989, 1991, 1993 ஆகிய நான்கு போட்டிகளிலும் இந்தியா ஆடவில்லை. 1995 இல் திரும்பி வந்தபோது உலகம் நெடுந்தூரம் போய்விட்டிருந்தது. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனாவிடம் நாம் பெற்ற அடி 0-16.

ஆகவே 'நம் பெண்கள் வீழ்ந்தார்கள்' என்று நான் சொன்னது பிழை. வீழ்வதற்கு ஒருவர் களத்தில் நிற்க வேண்டும். பயிற்சியும் பந்தயமும் இல்லாத பன்னிரண்டு ஆண்டில் பிறர் ஓடினார்கள். நம்மவர்க்கு ஓடுதளமே கிடைக்கவில்லை. 2003 க்குப் பின்னும் பல போட்டிகளில் இடமில்லாமல், 2022 இல் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில்தான் மீண்டும் நுழைந்தோம்.

அந்த 2022 ஐப் பற்றி எழுத மனம் கூசுகிறது. கரக்பூர் இரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பதின்மூன்று வயது வரை அண்ணன்மாரோடு பந்தாடினேன். பிறகு, "பெரிய பெண் ஆகிவிட்டாள்" என்ற ஒரே சொல்லில் என் ஆட்டம் முடிந்தது. தொற்றுநோயின் மூன்றாம் அலையில் கல்லூரி மூடியிருந்த அந்த ஜனவரியில், வீட்டில் அம்மாவோடு தொலைக்காட்சி முன் அமர்ந்தேன். நவி மும்பையில் 20 ஆம் நாள் ஈரானோடு ஆட்டம். ஈரான் அப்போதுதான் முதன்முறை இப்போட்டிக்கு வந்திருந்தது. கோல் இல்லாமல் 0-0 என முடிந்தது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் என்று அணிப்பட்டியலில் தமிழ்ப் பெயர்களைக் கண்டு, அதுவரை கால்பந்தையே பாராத அம்மா, "இதுங்க நம்ம ஊர்ப் பொண்ணுங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 23 ஆம் நாள் தைவானோடு ஆட வேண்டும். அணிக்குள் கொரோனா பரவியதால் விதிப்படி வேண்டிய பதின்மூன்று வீராங்கனைகளைக்கூட நிறுத்த இயலவில்லை. ஆட்டம் நடக்கவில்லை; இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டது. ஈரானோடு ஆடிய ஆட்டமும் கணக்கில் சேரவில்லை. தொலைக்காட்சியை அணைக்கவும் தோன்றாமல் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரி 6 இல் நடந்த இறுதியாட்டத்தில், 0-2 எனப் பின்தங்கியிருந்த சீனா மூன்று கோல் அடித்துத் தென் கொரியாவை வென்றது. அருமையான ஆட்டம் என்றார்கள். நான் பார்க்கவில்லை.

இனி 2025. ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026 கோப்பைக்கான தகுதிச் சுற்றில் 34 நாடுகள், எட்டுப் பிரிவுகள். பிரிவில் முதல்வருக்கு மட்டுமே இடம். நம் பிரிவின் ஆட்டங்கள் தாய்லாந்தின் சியாங்மாய் நகரில். மங்கோலியாவை 13-0, திமோரை 4-0, ஈராக்கை 5-0 என வென்றபின், ஜூலை 5 அன்று தாய்லாந்தோடு இறுதிச் சோதனை. 1983 இல் நம்மை இறுதியில் வீழ்த்திய அதே தாய்லாந்து. இடையில் 2015, 2019 என இரு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு. அன்று நம் அணிக்காக இரு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். இங்கிருந்து உள்ளூர் இரயிலில் போய்விடக்கூடிய கல்யாணி ஊர்க்காரர். முதல் கோலுக்குத் தாய்லாந்து இடைவேளை முடிந்ததுமே விடை கொடுத்தது. 74 ஆம் நிமிடத்தில் சங்கீதாவின் இரண்டாம் கோல். 2-1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்; மறுப்போர் மறுக்கலாம். 1983 இன் இரண்டாம் இடத்தைவிட 2025 இல் பெற்ற இந்த நுழைவு உயர்ந்தது. பட்டியலில் முன்னதற்கு வெள்ளி. பின்னதற்கு வெறும் ஒரு வரி. ஆனால் முன்னது கதவு திறந்திருந்த வீட்டில் கிடைத்த இருக்கை. பின்னது, 34 பேர் முட்டிய கதவைத் திறந்து போய் அமர்ந்த இருக்கை. புள்ளியியல் தங்கைக்கு இதில் ஐயம் இருக்காது என நம்புகிறேன்.

ஒன்று மட்டும் குறையாக நிற்கிறது. கோழிக்கோட்டு ஆட்டங்களைப் பற்றி எனக்குக் கிடைத்தவை எண்களே. அந்தப் பெண்கள் எந்தக் காலணி அணிந்தார்கள், எங்கே தங்கினார்கள், கூட்டம் என்ன கூவியது என்பதெல்லாம் எண்களில் இல்லை. நம் மன்றத்தில் கோவை, பாலக்காட்டுப் பக்கத்து நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பெரியப்பாவோ அத்தையோ 1980 ஜனவரியில் அந்த மைதானத்துக்குப் போயிருந்தால், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த இதழுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.