ஒப்பிட்டுக் கூறுதல்: தமிழிலும் ஆங்கிலத்திலும்

கற்றல் நோக்கங்கள்

1. இரு பொருள்களை ஒப்பிடும்போது தமிழ்த்தொடரும் ஆங்கிலத் தொடரும் அமையும் முறையை அறிதல்.
2. 'விட', 'காட்டிலும்' ஆகிய சொற்களைப் பிழையின்றி ஆளுதல்.
3. ஒப்பீட்டின் பொருளை அளவறிந்து உணர்தல்.

பாடப்பகுதி

இந்திய ஆறுகள் சிலவற்றின் நீளத்தை நோக்குக. கங்கை 2525 கி.மீ.; கோதாவரி 1465 கி.மீ.; நருமதை 1312 கி.மீ.; காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. இவ்விவரங்களைக் கொண்டு பின்வரும் தொடர்களை அமைக்கலாம்.

கங்கை கோதாவரியைவிட நீளமானது.
நருமதை கோதாவரியைக் காட்டிலும் 153 கி.மீ. குறைவானது.
இந்நான்கனுள் கங்கையே மிக நீளமானது.

முதல் தொடரில் 'நீளமானது' என்னும் சொல் எம்மாற்றமும் அடையவில்லை. 'கங்கை நீளமானது' என்று தனித்துக் கூறினும் அதே சொல்லே வரும். ஒப்பீட்டைத் தாங்கி நிற்பது 'கோதாவரியைவிட' என்னும் சொல்லாகும். ஒப்பிடப்படும் பொருளின் பெயரோடு 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு சேர்கிறது. அதன்பின் 'விட' என்னும் சொல் வருகிறது.

ஆங்கிலத்தில் நிலை வேறு. அங்குப் பண்பைக் குறிக்கும் சொல்லே வடிவம் மாறும். அம்மாற்றம் மூவகைப்படும்.

1. குறுகிய சொற்கள் ஈற்றில் விகுதி பெறும்: லாங் – லாங்கர், ஹை – ஹையர், ஹெவி – ஹெவியர். 'பிக்', 'ஹாட்' போன்ற சொற்களை எழுதுகையில் இறுதி மெய்யெழுத்து இரட்டிக்கும்.
2. நீண்ட சொற்கள் மாறாமல் நிற்க, அவற்றின் முன் 'மோர்' என்னும் சொல் வரும்: மோர் பியூட்டிஃபுல், மோர் இம்பார்ட்டண்ட்.
3. சில சொற்கள் முற்றிலும் வேறாகும்: குட் – பெட்டர், பேட் – வர்ஸ்.

'பெட்டர்' என்னும் சொல்லிலேயே ஒப்பீடு அடங்கியுள்ளது. ஆதலின் 'மோர் பெட்டர்' என எழுதுவது பிழையாகும். விகுதி, 'மோர்' ஆகிய இரண்டனுள் ஒன்றே வரும்.

தமிழில் பண்புச்சொல் மாறாமையால் ஓர் இடர்ப்பாடு தோன்றும். 'இவ்விரண்டு பெட்டிகளுள் எது பெரியது?' என்பதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் 'பிக்' என்றே எழுதிவிடுவதுண்டு. இரண்டனுள் ஒன்றைக் கேட்பதால் அங்கு 'பிக்கர்' என்பதே பொருந்தும். தமிழ்த்தொடரில் 'விட' இல்லையெனினும், இரு பொருள்கள் ஒப்பிடப்படுகின்றனவா என்பதை நோக்கியே மொழிபெயர்த்தல் வேண்டும்.

இந்தியும் தமிழும்

'காவிரியைவிடக் கங்கை நீளமானது' என்பதை இந்தியில் 'காவேரீ சே கங்கா லம்பீ ஹை' என்பர். 'தில்லியிலிருந்து வந்தான்' என்று சொல்வதற்கும் அதே 'சே' பயன்படும். இதனால் இந்தி பேசும் மாணவர் தமிழில் 'காவிரியிலிருந்து கங்கை நீளமானது' என எழுத நேர்கிறது. இது பிழை; எனினும் காரணமற்ற பிழை அன்று. பழந்தமிழிலும் இவ்விரு பொருள்களுக்கும் ஒரே வேற்றுமை வழங்கியது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களை நன்னூல் கூறுகிறது. 'கங்கையிற் சிறிது காவிரி' என்று அந்நடையில் கூறினால், 'கங்கையைவிடக் காவிரி சிறியது' என்பது பொருள். இக்காலத் தமிழில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. நீங்கலுக்கு 'இலிருந்து' வரும். ஒப்பீட்டுக்கு 'ஐ' உருபும் 'விட' என்னும் சொல்லும் வரும்.

இலக்கணக் குறிப்புகள்

1. 'விட' என்பதன் பின் வல்லினம் மிகும்: அதைவிடப் பெரியது, அதைவிடச் சிறியது, அதைவிடத் தாழ்ந்தது, அதைவிடக் குறைந்தது.
2. வயதைக் குறிக்கும் 'மூத்த', 'இளைய' என்பவற்றோடு நான்காம் வேற்றுமை வருதலும் உண்டு: கண்ணனுக்கு மூத்தவள் மாலதி.
3. ஒத்த இனத்தையே ஒப்பிடுதல் வேண்டும். 'தில்லியின் குளிர் சென்னையைவிட மிகுதி' என்பதில் குளிரும் நகரமும் ஒப்பிடப்படுகின்றன. 'தில்லியின் குளிர் சென்னையின் குளிரைவிட மிகுதி' என்பதே திருத்தமான தொடர்.

ஒப்பீடும் பொருளும்

ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். எனவே 'தொட்டபெட்டா ஆனைமுடியைவிடத் தாழ்ந்தது' என்பது உண்மை. ஆனால் அத்தொடரிலிருந்து 'ஆனைமுடியைவிட' என்னும் சொல்லை நீக்கினால் 'தொட்டபெட்டா தாழ்ந்தது' என்றாகும். அது பொய். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டாவே ஆகும். ஒரு சொல்லை நீக்கியதால் 58 மீட்டர் வேறுபாடு ஒரு மலையின் இயல்பாகவே மாறிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இம்மயக்கம் குறைவு. 'லோ' வேறு, 'லோவர்' வேறு. சொல்லின் வடிவமே அது ஒப்பீடு என்பதைக் காட்டிவிடும். தமிழில் இரண்டும் 'தாழ்ந்தது' என்றே நிற்பதால், எதைவிட என்பதைச் சொல்லும் பொறுப்பு பேசுவோரையே சாரும்.

இப்பொறுப்பு வகுப்பறையிலும் உண்டு. ஐம்பதுக்கு 48 மதிப்பெண் பெற்றவரைவிட 46 மதிப்பெண் பெற்றவர் குறைவாகப் பெற்றவர். அவரைக் 'குறைந்த மதிப்பெண் பெற்றவர்' என்று மட்டும் கூறினால் கேட்போர் வேறு பொருள் கொள்வர். அண்ணனைவிடக் குட்டையான தம்பி குட்டையானவன் ஆகான். அளவு சொல்லப்பட்டது, ஆளைப் பற்றிய முடிவு சொல்லப்படவில்லை.

எதில் என்பதையும் கூறுதல் வேண்டும். பரப்பு, உயரம், எடை, வயது ஆகியன அளக்கத்தக்கவை. இரு மொழிகளுள் எதனைப் பேசுவோர் மிகுதி என்பதை எண்ணிக் கூறலாம். எம்மொழி உயர்ந்தது என்பதற்கு அளவுகோல் இல்லை. பல மாநில மாணவர் ஒருங்கு பயிலும் பள்ளியில், 'எதைவிட?', 'எதில்?' என்னும் இரு வினாக்களும் பல வீண் வழக்குகளைத் தீர்க்கும்.

பயிற்சி

அ. இராஜஸ்தான் 3,42,239 ச.கி.மீ.; மத்தியப் பிரதேசம் 3,08,252 ச.கி.மீ.; கோவா 3,702 ச.கி.மீ. இப்பரப்பளவுகளைக் கொண்டு 'விட', 'காட்டிலும்', 'மிக' ஆகியவை அமைந்த மூன்று தொடர்கள் எழுதுக.

ஆ. பிழை திருத்துக.
1. மாம்பழத்திலிருந்து பலாப்பழம் பெரியது.
2. யானையின் காது குதிரையைவிடப் பெரியது.
3. இந்நூல் அந்நூலைவிட சிறியது.

இ. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க.
1. இவ்விரு கயிறுகளுள் எது நீளமானது?
2. இப்படம் அப்படத்தைவிட அழகானது.
3. நேற்றைவிட இன்று வெப்பம் மிகுதி.

ஈ. வகுப்புத்தோழர் இருவரின் உயரத்தை அளந்து, 'விட' அமைந்த ஒரு தொடர் எழுதுக. பின்னர் அத்தொடரிலிருந்து 'விட' அமைந்த சொல்லை நீக்கிப் படித்து, பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை இரண்டு வரிகளில் விளக்குக.